தந்தையின் பெயருக்கு எந்தக் கட்டம்?

2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அஸ்ஸாம் மாநிலத்தைச் சேர்ந்த பட்டதாரிப் பெண் ஒருவர், மத்திய அரசு நிறுவனமான தேசிய விதைக் கழகத்தின் வேலைக்கு இணையவழியில் விண்ணப்பிக்க முயன்றார். பெயரை எழுதும் இடத்தில் படிவம் நின்றுவிட்டது. அவர் தம் குலப்பெயரை எழுதும்போதெல்லாம், முறையான பெயரை எழுதுமாறு மென்பொருள் திருப்பி அனுப்பிக்கொண்டேயிருந்தது. அந்தக் குலப்பெயர் அஸ்ஸாமிய உச்சரிப்பில் ‘சுதியா’ என்று ஒலிக்கும். ஆங்கில எழுத்துகளில் எழுதினால் அது இந்தியில் வழங்கும் ஒரு வசைச்சொல்லைப் போலத் தோன்றும். வசையைத் தடுப்பதற்காக வைக்கப்பட்ட வடிகட்டி, ஒரு பெண்ணின் பரம்பரையையே வசை என்று தள்ளிவிட்டது.

அது சாதாரணப் பரம்பரையும் அன்று. சதியாவைத் தலைநகராகக் கொண்டு பிரம்மபுத்திராவின் மேற்பகுதியில் அரசாண்டவர்கள் சுதியா மக்கள். 1520களில் அஹோம் அரசர்கள் அந்நாட்டைத் தம் ஆட்சியோடு இணைத்துக்கொண்டனர். நாடு போனபின்னும் மக்களிடம் பெயர் நிலைத்திருந்தது. சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கடந்து வந்த அந்தப் பெயர், ஒரு கணினிப் படிவத்தைக் கடக்க முடியாமல் நின்றது.

இந்தச் செய்தியைப் படித்த வடநாட்டார் பலர் சிரித்திருக்கக்கூடும். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குச் சிரிப்பு வருவது அரிது. நம் பெயர்களை எவரும் வசையென்று தள்ளுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் தள்ளப்படும் அனுபவம் நமக்குப் புதிதன்று. ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்று சிவப்பு எழுத்தில் மின்னும் கட்டத்தின் முன் அமர்ந்து, அதில் எதை எழுதுவது என்று விழிக்காத வீடு நம்மில் எத்தனை? தலைப்பெழுத்தை எழுதினால், குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்கிறது படிவம். புள்ளி வைத்தால் புள்ளி ஆகாது என்கிறது. தந்தையின் முழுப்பெயரை எழுதினால் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அன்றிலிருந்து வங்கியிலும் விமான நிலையத்திலும் மகனைத் தந்தையின் பெயரால் விளிக்கத் தொடங்குகிறார்கள்.

பெயரைச் சோதித்து ஏற்பதும் தள்ளுவதும் கணினி கண்டுபிடித்த வேலை அன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட சான்று கல்லிலேயே இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் வெட்டப்பட்ட சாசனங்கள் அவை. கி.பி. 919, 921 என்று ஆண்டு கணிக்கப்பட்டுள்ளது. பள்ளி மாணவர் அனைவரும் படிக்கும் குடவோலை முறை இவற்றில்தான் விரிவாகப் பேசப்படுகிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு எடுத்தார்கள். அவ்வாறு தேர்ந்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள்.

இந்தச் சாசனத்தைத் தேர்தலின் முன்னோடி என்று போற்றுவது வழக்கம். போற்றட்டும். ஆயினும் பெயரைப் பற்றி எழுதுகிற நமக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. குடத்துக்குள் பெயர் விழுவதற்கு முன்பே ஒரு கடுமையான வடிகட்டி இருந்தது. கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 921ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருக்கவேண்டும். வேதக் கல்வி வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். எந்தெந்த உறவினர் என்பதை, தாயின் சகோதரிகளின் மக்கள், தந்தையின் சகோதரிகளின் மக்கள், மாமனார், மருமகன் என்று சாசனம் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. இது பிராமணச் சபை. உழவரோ, தச்சரோ, பெண்களோ, வெளியிலிருந்து வந்த வணிகரோ இந்தக் குடத்தின் பக்கமே வரமுடியாது. அந்தக் குறையை மறைத்துப் புகழ்வதில் நேர்மையில்லை.

எனினும், வடிகட்டியைக் கடந்த பெயரை அவர்கள் நடத்திய விதம் கவனிக்கத்தக்கது. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தர் அதை ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கவேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த விதி என்று கொள்ளலாம். அவர் பெயரை உரக்க வாசிக்கிறார். பின்னர் மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்கிறார்கள். ஒரு பெயரைப் பலர் கண்ணால் கண்டு, பலர் வாயால் படித்து, ‘இவர் இன்னார்’ என்று ஊரறிய உறுதி செய்தபின்பே அது எழுதிக்கொள்ளப்படும். சாசனம் தரும் விலக்குக் காரணங்கள் அனைத்தும் செயலையும் உடைமையையும் உறவையும் பற்றியவை. ‘உன் பெயர் இரண்டு பாகமாக இல்லை, ஆகவே நீ இல்லை’ என்று உத்திரமேரூர்ச் சபை எவரிடமும் சொல்லவில்லை.

உத்திரமேரூர்ச் சாசனத்துக்குச் சுமார் எழுபது ஆண்டுகளுக்கு முன், 849இல், வேணாட்டு மன்னர் அய்யனடிகள் கொல்லத்தில் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டையும் இங்கே நினைவுகூரவேண்டும். ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குத் தரப்பட்ட உரிமைகளைப் பற்றிய ஆவணம் அது. அதில் கையொப்பமிட்ட சாட்சிகளுள் ஒரு சாரார் தம் பெயர்களை அரபு கூஃபி எழுத்திலும், ஒரு சாரார் பஹ்லவி எழுத்திலும், வேறு சிலர் எபிரேய எழுத்திலும் பொறித்துள்ளனர். முஸ்லிம்களும் பார்சிகளும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஒரே செப்பேட்டில் அவரவர் எழுத்தில் அவரவர் பெயரோடு நிற்கிறார்கள். எழுதுபவர் ஒரே எழுத்துமுறைக்குள் அவர்களை அடக்க முற்படவில்லை. அரபு எழுத்தில் அமைந்த அந்தக் கையொப்பங்கள், தென்னகக் கடற்கரையில் முஸ்லிம் பெயர்கள் ஆவணமேறியதற்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று.

இனி நம் பெயர்களின் அமைப்புக்கு வருவோம். அரபு மரபில் ஒருவரின் பெயர் பல அடுக்குகளைக் கொண்டது. அவருக்கு இடப்பட்ட பெயர் இஸ்ம். இன்னாரின் மகன் என்பது நஸப். இன்னாரின் தந்தை என்பது குன்யா. ஊராலோ குலத்தாலோ தொழிலாலோ அழைப்பது நிஸ்பா. பட்டப்பெயர் லகப். இவற்றுள் எது நிலைக்கும் என்பதை வழக்கமே முடிவு செய்தது. ஹதீஸ் கலையின் தலைமகன் என்று போற்றப்படும் இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் பெயர் முஹம்மது. தந்தையின் பெயர் இஸ்மாயீல். உலகம் அவர்களை அறிவது ஊர்ப்பெயரால். எல்லாரிலும் அதிகமான ஹதீஸ்களை, அதாவது 5,374 என்று எண்ணப்பட்டவற்றை, அறிவித்த அபூ ஹுரைரா (ரலி) அவர்களை நாம் அறிவது குன்யாவால். அவர்களின் இயற்பெயர் எது என்பதில் அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. அப்துர் ரஹ்மான் இப்னு ஸக்ர் என்பது பரவலாக ஏற்கப்பட்டது. இன்றைய படிவம் ஒன்றின் முன் அவர்கள் அமர்ந்திருந்தால் முதற் கட்டத்தையே தாண்டியிருக்க முடியாது.

நஸப் என்பதில் மார்க்கம் கண்டிப்பானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைத் (ரலி) அவர்களை மக்கள் ஸைத் இப்னு முஹம்மது என்றே அழைத்துவந்தனர். வளர்ப்பு மக்களை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கவேண்டும் என்னும் கட்டளை அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனத்தில் அருளப்பட்டதும், அவர்கள் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார்கள். அண்ணலாரின் பெயரோடு இணைந்திருப்பதைவிடப் பெருமை வேறில்லை. அந்தப் பெருமையையும் விட்டு உண்மையான தந்தையின் பெயருக்குத் திரும்பவேண்டியிருந்தது. பெண்ணுக்கும் இதே நெறிதான். நிகாஹ் நடந்ததால் அவளுடைய நஸப் மாறுவதில்லை. நம் நாட்டில் மணமான பெண் கணவரின் தலைப்பெழுத்துக்கு மாறுவது பழக்கமாகிவிட்டது. வம்சத்தை மாற்றும் நோக்கம் அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் பள்ளிச் சான்றிதழில் தந்தையின் எழுத்தும் குடும்ப அட்டையில் கணவரின் எழுத்துமாக இருவேறு பெண்கள் உருவாகிவிடுகிறார்கள். வளைகுடாவிலிருக்கும் கணவரிடம் செல்ல விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அந்த இருவரும் ஒருவரே என்று நிறுவவேண்டி வருகிறது.

தமிழ் முஸ்லிம்களின் தலைப்பெழுத்து, பார்க்கப்போனால், நஸபின் சுருக்கமே. ‘இப்னு’ என்னும் சொல் மறைந்து, தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகக் குறுகி, மகனின் பெயருக்கு முன்னால் வந்து அமர்ந்துகொண்டது. ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் என்னும் பெயரில் அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்று மூன்று தலைமுறைகள் அடங்கியிருக்கின்றன. காயிதே மில்லத் எம். முஹம்மது இஸ்மாயில் (1896–1972) அவர்களின் ‘எம்’ தந்தை மியாகான் ராவுத்தரைக் குறிப்பது. ராவுத்தர் என்பது தந்தையின் பெயரில் இருந்தது. மகன் அதைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை. ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்பவை குதிரையையும் கலத்தையும் கல்வியையும் நினைவூட்டும் மரபுப் பெயர்கள். அவற்றை ஐரோப்பிய முறையிலான குடும்பப் பெயர்களாக நம்மவர் ஒருபோதும் சீராகப் பயன்படுத்தியதில்லை. ஒரே வீட்டில் அண்ணன் பெயரில் மரைக்காயர் இருக்கும், தம்பி பெயரில் இராது.

தமிழகத்துப் பிற சமூகத்தாரும் இதே நிலைக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தனர். 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இடுவதைக் கைவிடவேண்டும் என்று தீர்மானித்தது. உத்திரமேரூர் அப்போது செங்கற்பட்டு மாவட்டத்திலேயே இருந்தது. யார் குடத்துக்குள் வரலாம் என்று பிறப்பைக் கொண்டு வகுத்த ஊருக்கு அருகிலேயே, பெயரிலிருந்து பிறப்பின் அடையாளத்தை நீக்கும் தீர்மானம் நிறைவேறியது. வேறு மாநிலங்களில் ஒருவர் பெயரைக் கேட்டதும் சாதியை ஊகிக்கலாம். தமிழ்நாட்டில் அது எளிதன்று. அந்த நன்மைக்கு நாம் இப்போது ஒரு விலையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். குடும்பப் பெயர் இல்லாத மக்களை உலகத்துக் கணினிகள் அரைகுறை மனிதர்களாகவே காண்கின்றன.

காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. பயண ஆவணங்களுக்கான பன்னாட்டு விதிகளின்படி கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென 44 இடங்கள் கொண்ட இரண்டு வரிகள் அச்சிடப்படுகின்றன. முதல் வரியின் தொடக்கத்திலுள்ள ஐந்து இடங்கள் ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் உரியவை. மீதி 39 இடங்களுக்குள் முதலில் குடும்பப் பெயர், பின்னர் இரண்டு நிரப்புக் குறிகள், அதன்பின் இடப்பட்ட பெயர். இரண்டாகப் பிரிக்க முடியாத பெயராயின் முழுவதையும் முதன்மைப் பெயராக எழுதலாம் என்று அந்த விதியே இடம் தருகிறது. விதி வகுத்தவர்கள் ஒற்றைப் பெயர்க்காரர்களை மறக்கவில்லை. அந்த விதியின்மேல் கட்டப்பட்ட விமான முன்பதிவு மென்பொருள்களும் விசாப் படிவங்களும்தான் மறந்துவிட்டன. அமெரிக்க விசாவில் இத்தகையோருக்கு ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை இடுகிறார்கள். பெயர் தெரியும், எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

இது வெறும் எரிச்சலோடு முடிகிற சங்கதி அன்று என்பதை 2022 நவம்பர் காட்டிற்று. அம்மாதம் 21ஆம் நாளிட்ட சுற்றறிக்கை ஒன்றை ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் வெளியிட்டன. கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல்லாக மட்டும் பெயர் உள்ளவர்களை, ஒரு கட்டம் நிரம்பி மறு கட்டம் வெறுமையாக இருப்பவர்களை, வருகை விசாவில் ஐக்கிய அரபு அமீரகத்தின் குடியேற்றத் துறை அனுமதிக்காது என்றது அது. அமீரகத்தில் வசிப்புரிமை பெற்றோருக்கு இது பொருந்தாது என்றும், அவர்களும் இரு கட்டங்களிலும் பெயரைப் பதிந்திருக்கவேண்டும் என்றும் சொல்லப்பட்டது. பின்னர் வந்த விளக்கம், கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் அனுமதி உண்டு என்றது. வேலை தேடி வருகை விசாவில் துபாய் போகும் இளைஞர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் நம்மில் எத்தனை பேர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கடன் வாங்கிப் பயணச்சீட்டு எடுத்தவருக்கு அந்த இரண்டாம் பக்கத்தின் ஒரு வரி எவ்வளவு பெரியது! ‘இன்னாரின் மகன்’ என்னும் பழைய நஸப் முறைதான் இங்கே கைகொடுத்தது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இரு கட்டங்களை நிரப்புவதற்காகப் பெயரை உடைப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அப்துர் ரஹ்மான் என்பது ஒரே பெயர். அளவற்ற அருளாளனின் அடியான் என்பது அதன் பொருள். படிவத்துக்காக ‘அப்துர்’ முதற் கட்டத்திலும் ‘ரஹ்மான்’ இரண்டாம் கட்டத்திலும் போனால், அலுவலகம் முழுவதும் அவரை இறைவனுக்கே உரிய திருநாமத்தால் அழைக்கத் தொடங்கிவிடும். அடியான் மறைந்து ஆண்டவன் பெயர் மட்டும் எஞ்சுகிறது. உலமாக்கள் தொடர்ந்து கண்டித்துவரும் வழக்கம் இது. மென்பொருள் எழுதியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும். ஆகவே ஒரு பெயரைப் பிரிப்பதைவிட, பெயரை முழுமையாக ஒரு கட்டத்திலும் தந்தையின் பெயரை மறு கட்டத்திலும் வைப்பதே மார்க்கத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் ஒருசேரப் பொருந்துகிற வழி என்பது என் கருத்து. ஒரே ஒரு தொல்லை: பாட்டனார், தந்தை, மகன் மூவருக்கும் மூன்று வெவ்வேறு ‘குடும்பப் பெயர்கள்’ அமையும். ஒரே குடும்பமா என்று குடியேற்ற அதிகாரி கேட்கும்போது விளக்கவேண்டி வரும்.

உள்நாட்டிலும் ஒரே மனிதர் அலுவலகத்துக்கு ஒரு பெயராகப் பிரிகிறார். ஆதார் படிவத்தில் பெயருக்கு ஒரே கட்டம். வருமான வரித்துறையின் பான் விண்ணப்பத்திலோ குடும்பப் பெயர் கட்டாயம், தலைப்பெழுத்தை விரித்தெழுதவேண்டும். உங்கள் பான் அட்டையை எடுத்துப் பாருங்கள். தனிநபருக்கு அதன் ஐந்தாம் எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்தாகும். நம்மில் சிலருக்கு அது தம் சொந்தப் பெயரின் எழுத்தாக இருக்கும். சிலருக்குத் தந்தையின் எழுத்தாக இருக்கும். விண்ணப்பத்தை நிரப்பிய கணினி மைய ஊழியர் அன்று எப்படி நினைத்தாரோ அப்படி! 2023 ஜூன் 30க்குள் பானையும் ஆதாரையும் இணைக்கவேண்டும் என்ற கெடு வந்தபோது, பெயர் ஒத்துவரவில்லை என்று இந்த எண்ணின் பழைய கணக்குகள் வெளிவந்தன. உத்திரமேரூர் போன்ற ஊர்களிலிருந்து ஒரு திருத்தத்துக்காகக் காஞ்சிபுரத்துக்கு நடக்கும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம்.

எழுத்துக்கூட்டலின் தொல்லை தனி. முஹம்மது என்னும் திருப்பெயரை ஆங்கிலத்தில் எழுத நம் வீடுகளில் உள்ள முறைகளை எண்ணி முடியாது. உயிரெழுத்து மாறும், ‘ம’ இரட்டிக்கும், கடைசியில் சிலருக்கு இரண்டெழுத்துச் சுருக்கமாகவே நின்றுவிடும். சையது, ஷேக், முஹ்யித்தீன் ஆகியவையும் அப்படியே. முன்னோர் அரபுத்தமிழில் எழுதிய காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பெயர் தன் சொந்த எழுத்திலேயே இருந்தது. இப்போது முஹ்யித்தீன் என்னும் அரபுப் பெயர் தமிழ் ஒலியில் மொய்தீன் ஆகி, ஆங்கில எழுத்தில் கடவுச்சீட்டேறி, வளைகுடாவில் அந்த ஆங்கிலத்தைப் பார்த்து மீண்டும் அரபியில் எழுதப்படும்போது அரபிகளுக்கே புரியாத ஒரு புதுப்பெயராகிவிடுகிறது.

எழுத்துக்கூட்டல் வேறுபாட்டைச் சமாளிக்க அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். சவுண்டெக்ஸ் என்று அதற்குப் பெயர். பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கி, ஒலியால் நெருங்கிய மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண்ணைத் தருவது அதன் சாரம். 1930களில் அமெரிக்க மக்கள்தொகைப் பதிவேடுகளுக்கு அகரவரிசை அமைக்க இதைக் கையாண்டார்கள். இந்த முறையில் முஹம்மது என்னும் பெயரை எப்படி எழுதினாலும் ‘எம் 530’ என்றே வரும். நல்லதுதான். ஆனால் மஹ்மூதுக்கும் அதே எண். ஆங்கிலத்தில் திங்கட்கிழமையைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே எண்! வேறுபட்ட எழுத்துகளை ஒன்றாக்கப் புறப்பட்ட சூத்திரம், வேறுபட்ட மனிதர்களையும் ஒன்றாக்கிவிடுகிறது.

2001க்குப் பிறகு கண்காணிப்புப் பட்டியல்களோடு பயணிகளின் பெயர்களை ஒப்பிடும் வேலை பெருகியபோது இதன் கேடு வெளிப்பட்டது. செனட்டர் எட்வர்ட் கென்னடியே பலமுறை விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டதாக 2004 ஆகஸ்டில் செனட் குழுவின் முன் கூறினார். பட்டியலிலிருந்த ஒரு புனைபெயர் அவர் பெயரை ஒத்திருந்ததே காரணம். கென்னடிக்கே இந்நிலை என்றால் கானுக்கும் அஹமதுக்கும் என்ன நேர்ந்திருக்கும்? 2009 ஆகஸ்டில் நெவார்க் விமான நிலையத்தில் நடிகர் ஷாருக் கான் தடுத்து வைக்கப்பட்ட செய்தியை உலகமறியும். தம் பெயர் கணினியில் சிக்கியதாகவே அவர் சொன்னார். புகழ்பெற்றவர்களுக்காகத் தூதரகம் பேசும். பெயரைத் தவிர வேறெதுவும் பொதுவாக இல்லாத ஒரு குற்றவாளிக்காக நம் பிள்ளை தனியறையில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தால் அது செய்தியாவதில்லை.

ஒரே பெயருடைய இருவரை எவ்வாறு வேறுபடுத்துவது என்னும் இந்தக் கேள்வியை முஸ்லிம் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தனிக் கலையாக வளர்த்திருந்தார்கள். ஹதீஸின் தரம் அறிவிப்பாளரைப் பொறுத்தது. நம்பகமானவரும் பொய்யரும் ஒரே பெயரில் இருந்துவிட்டால் தீனே ஆட்டம் காணும். ஆகவே, எழுத்தில் ஒத்து ஒலியில் வேறுபடும் பெயர்களைப் பற்றி இமாம் தாரகுத்னீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 385) பெருநூல் எழுதினார்கள். எழுத்தும் ஒலியும் முற்றிலும் ஒத்து, ஆட்கள் மட்டும் வேறான பெயர்களைப் பற்றி கதீப் பக்தாதீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 463) தனி நூல் யாத்தார்கள். ஸலாம் என்றும் ஸல்லாம் என்றும் இரு பெயர்கள்; அரபியில் எழுதினால் ஒன்றே. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்களின் தந்தையின் பெயரில் ‘ல’ அழுத்தமின்றி வரவேண்டும் என்று பெயர் குறித்து எழுதிவைத்தார்கள். கலீல் இப்னு அஹ்மது என்னும் பெயரில் ஆறு பேரை இப்னு ஸலாஹ் (ரஹ்) பிரித்துக் காட்டுகிறார்கள். ஸீபவைஹியின் ஆசிரியரான இலக்கணப் பேரறிஞர் அவர்களில் முதல்வர். தந்தையின் பெயரும் ஒன்றாகவே இருந்ததால் நஸப் மட்டும் அங்கே போதவில்லை.

பிறகு எதைக் கொண்டு பிரித்தார்கள்? யாரிடம் பாடம் கேட்டார், யாருக்குப் பாடம் சொன்னார், எந்த ஊரில் வாழ்ந்தார், எந்த ஆண்டில் இறந்தார், எங்கெங்கே பயணம் செய்தார் என்று ஆராய்ந்தார்கள். பெயர் ஒத்திருப்பது விசாரணையின் தொடக்கமாக மட்டுமே கொள்ளப்பட்டது, தீர்ப்பாக அன்று. இருவரா ஒருவரா என்று தெளியாதபோது தெளியவில்லை என்றே எழுதினார்கள். அமெரிக்காவில் தவறாக நிறுத்தப்பட்ட பயணிகளுக்கென 2007இல் ஒரு முறையீட்டு எண் ஏற்படுத்தப்பட்டது. 2009இலிருந்து முழுப்பெயரோடு பிறந்த தேதியும் பாலினமும் கட்டாயமாக்கப்பட்டன. பக்தாதில் அமர்ந்து கதீப் செய்த வேலையின் தொடக்கப் படிகளை வாஷிங்டன் அப்போதுதான் எட்டியது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். நான் அப்படித்தான் எண்ணுகிறேன்.

நம் வீடுகளில் இதற்குள் ஒரு மாற்றம் தொடங்கிவிட்டது. பிறக்கும் குழந்தைக்கு முதலிலேயே இரண்டு கட்டங்களையும் மனத்தில் வைத்துப் பெயர் பதிகிறார்கள். பெரியவர்களுக்குத்தான் பாடு. முதலில் பழைய பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி, புதிய பெயர் ஆகியவற்றை எழுதி எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பிக்கவேண்டும். தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளிவந்தபின், அதன் படியை இணைத்துக் கடவுச்சீட்டையும் பானையும் ஆதாரையும் ஒவ்வொன்றாக மாற்றவேண்டும். அந்த அறிவிப்புகளை வாசித்தால் பெரும்பாலானவற்றில் பெயர் உண்மையில் மாறுவதே இல்லை. முன்னால் ஓர் எழுத்தாக இருந்த தந்தை, இப்போது பின்னால் முழுப்பெயராக வந்து நிற்கிறார்.